பானை மூடியிருக்கட்டும், நிறைகோல் திறந்திருக்க வேண்டும்

கம்பைநல்லூரில் என்னிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர், சென்ற திங்கள் ஒரு துண்டறிக்கையைக் கையில் ஏந்தி என் இல்லத்திற்கு வந்தார். மாற்று ஆற்றல் துறையில் புதிதாய்த் தோன்றியுள்ள ஒரு நிறுவனத்தின் அறிக்கை அது. நீரையும் ஒரு மறைபொருளையும் மட்டுமே உண்டு இயங்கும் மின்னாக்கி ஒன்றைத் தாங்கள் கண்டுபிடித்துள்ளதாகவும், அதன் அமைப்பை வெளியிட்டால் அயல்நாட்டுப் பெருமுதலாளிகள் கவர்ந்துகொள்வர் என்பதால் கமுக்கமாய்க் காத்து வருவதாகவும், இப்பொழுதே இரண்டு இலக்கம் உருபா செலுத்துவோர் பங்காளர் ஆகலாம் என்றும் அதில் கண்டிருந்தது. வடசொல் ஒன்றில்லை, ஆங்கிலச்சொல் ஒன்றில்லை. மேலே வள்ளுவர் படம். கீழே தமிழன் அறிவை உலகம் வணங்கும் என்றொரு முழக்கம்.

புளியந்தோப்பில் தம் பங்கை விற்றுக் கிடைத்த பணம் அவரிடம் இருந்தது. “ஐயா, இவ்வளவு நல்ல தமிழில் எழுதுகிறவர்கள் ஏமாற்றுவார்களா?” என்று கேட்டார்.

அவ்வினா என் நெஞ்சில் தைத்தது. பிழையற்ற தமிழ் எழுதுவோர் நேர்மையராகத்தான் இருப்பர் என்ற நம்பிக்கையை அவர் உள்ளத்தில் விதைத்தோருள் யானும் ஒருவன். மொழித்தூய்மையை உளத்தூய்மைக்கு அடையாளமாக்கி நாம் பேசிய பேச்சு, இன்று எவனோ ஒருவன் கைக்குத் தூண்டில் முள்ளாய்ப் போயிற்று. ஆகவே அவருக்குச் சொன்னதை இவ்விதழ் படிக்கும் தமிழன்பர் அனைவர்க்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நம்மைச் சேர்ந்தவர்க்கே இஃது இன்றியமையாத செய்தி. தமிழ்ப்பற்று இல்லாதவனிடம் தமிழைக் காட்டிப் பணம் பறிக்க இயலாது, நம்மிடந்தான் இயலும்.

இது நமக்குப் புதிதன்று. 1996-ஆம் ஆண்டு செபுதம்பர்த் திங்களை நினைவுகூர்க. இராசபாளையம் வட்டாரத்து இடையன்குளம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த இராமர் பிள்ளை என்பார், மூலிகையிலிருந்து கன்னெய் எடுக்கும் வழியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். கன்னெய் என்றது பெட்ரோலை. நீரில் மூலிகையை இட்டுக் காய்ச்சி, வேறு சில பொருள்களைச் சிறிதளவு சேர்த்து, ஆறியபின் கோலால் கலக்கினால் மேலே எரிநெய் மிதக்கும். அதை ஊற்றினால் வண்டி ஓடும். செய்தித்தாள்கள் கொண்டாடின. கல்லூரிப் படிப்பில்லாத சிற்றூர்த் தமிழன் ஒருவன் அரபு நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளைத் தூர்த்துவிடுவான் என்று தேநீர்க்கடை தோறும் பேசினர். பேசியவருள் நம்மவரும் இருந்தனர். அதனை மறைத்துப் பயனில்லை.

தில்லியில் நடுவண் அறிவியல் தொழில்நுட்பத் துறையினர் முன்னும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் முன்னும் அவர் செய்து காட்டினார். ஆய்வாளர்கள் மூலிகையின் பெயரைத் தோண்டித் துருவவில்லை. அவர்தம் கண் கலக்குகோலின்மேல் விழுந்தது. உட்குடைவான கோலில் எரிநெய்யை ஒளித்து மெழுகால் அடைத்தால், சூட்டில் மெழுகு உருகும். நெய் வெளிவந்து மிதக்கும். இதுவே அவர்கள் கண்ட விளக்கம். கோலும் கலமும் ஆய்வாளருடையனவாக இருந்தபோது மூலிகை தன் ஆற்றலை இழந்துவிட்டது.

அதன்பிறகேனும் நம் மக்கள் தெளிந்தனரா? இல்லை. தில்லியும் எண்ணெய் நிறுவனங்களும் ஏழைத் தமிழனை ஒடுக்கிவிட்டன என்ற பேச்சே பரவிற்று. அப்பேச்சின் நிழலில், 1999, 2000 ஆம் ஆண்டுகளில் சென்னையில் விற்பனையிடங்கள் திறக்கப்பட்டன. விற்ற பொருளின் பெயர் யாது? ‘இராமர் தமிழ்தேவி மூலிகை எரிபொருள்’. நம் தாயின் பெயரைத் தகரக்குவளையில் ஒட்டி விற்றனர்! அப்பொருள் தொலுயீன், நாப்தா முதலிய கன்னெய்ச் சார்புப் பொருள்களின் கலவையே என்றும், மக்களிடம் திரட்டிய தொகை இரண்டு கோடி உருபாவுக்கு மேல் என்றும் நடுவண் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016 அக்குதோபரில் சென்னை எழும்பூர் வழக்குமன்றம் அவர்க்கும் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வர்க்கும் மூன்றாண்டுக் கடுஞ்சிறைத் தண்டம் விதித்தது. அறிவிப்புக்கும் தீர்ப்புக்கும் இடையே இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதே இல்லை. உயர்நிலைப் பள்ளிக் கணக்கே போதும். ஓர் இலிட்டர் கன்னெய்யின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அதில் நூற்றுக்கு 85 பங்கு கரி. அஃதாவது 600 கிராமுக்கு மேல். இக்கரி எங்கிருந்து வரும்? நீரில் கரி அறவே இல்லை. நீர் என்பது நீரகம் எரிந்து முடிந்த சாம்பல் போன்றது. எரிந்ததை மீண்டும் எரிக்க இயலாது. எனவே கரி முழுதும் இலையிலிருந்தே வரல்வேண்டும். பச்சிலையில் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு நீர்; எஞ்சும் உலர்பொருளில் பாதிக்கும் சற்றுக் குறைவே கரி. ஆகவே ஒரு கிலோ பச்சிலையில் உள்ள கரி 100 முதல் 140 கிராம் வரைதான். ஒரு துளியும் வீணாகாது என்றே கொண்டாலும், ஓர் இலிட்டர் கன்னெய்க்கு நாலரைக் கிலோ இலையேனும் வேண்டும். பிடி இலையில் குடம் நெய் என்பவன் எந்த மூலிகையைச் சொன்னாலென்ன? கணக்கு முன்னரே அவனை மறுத்துவிட்டது. மூலிகையின் பெயர் நமக்குத் தேவையே இல்லை.

இங்கே ஒரு தடை எழும். “கமுக்கமாக வைத்திருப்பதெல்லாம் பொய்தானா? தொழில் நுணுக்கத்தை மறைப்பது வணிகர் உரிமையன்றோ?” எனலாம். தக்க வினாவே. மறைப்பதனாலேயே ஒருவனைக் கள்வன் என்றல் முறையன்று. அதற்கும் ஒரு மெய்ந்நிகழ்வு காட்டுவேன். அதுவும் தமிழ்நாட்டோடு தொடர்புடையதே.

திருச்சிராப்பள்ளி வட்டாரப் பொறியியற் கல்லூரியில் பயின்ற கே. ஆர். சிறீதர் என்பார் அமெரிக்கா சென்று, அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்து, செவ்வாய்க் கோளின் வளியிலிருந்து உயிர்வளி பிரிக்கும் கருவியை நாசாவுக்காக உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். அக்கருவியின் செயலைத் தலைகீழாக்கி மின் எடுக்கலாம் என்று கருதி 2001-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதுவே பின்னர்ப் புளூம் எனர்சி எனப் பெயர்பெற்றது. எட்டாண்டுக் காலம் அந்நிறுவனம் வெளியுலகிற்கு ஏறத்தாழ வாய்திறக்கவே இல்லை. முதலீட்டாளர் நாற்பது கோடித் தாலர் அளவிற்குப் பணம் இறக்கினர். 2010 பிப்பிரவரி 24 அன்று கலிபோர்னியாவில் ஈபே நிறுவன வளாகத்தில், ஆளுநர் முன்னிலையில் பெருவிழா எடுத்துத் தம் பெட்டியைத் திறந்து காட்டினர். ஓடுபோன்ற மெல்லிய வெண்களிமண் தகடுகள். ஒருபுறம் பச்சை மை, மறுபுறம் கறுப்பு மை. அம்மைகளின் கூட்டு யாதென்று அன்றும் சொல்லவில்லை.

இராமர் பிள்ளையும் மறைத்தார், சிறீதரும் மறைத்தார். இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? கூடாது. வேறுபாடு எங்குள்ளது என்று பார்ப்போம்.

புளூம் நிறுவனம் ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் வருகிறது என்று சொல்லவில்லை. பெட்டிக்குள் இயற்கை வளி செல்கிறது, காற்று செல்கிறது, மின் வெளிவருகிறது, கரியிருவளியும் வெளிவருகிறது. வளியின் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேலான பங்கை மின்னாக்குவதாகச் சொன்னார்கள். இஃது இயற்கை நெறிக்கு மாறானதன்று. எரியாமலே எரிபொருளிலிருந்து மின் எடுக்கும் கலத்தின் அடிப்படையை வில்லியம் குரோவ் 1839-இலேயே காட்டியிருந்தார். இரண்டாவது, பெட்டி மூடியே இருந்தாலும் அது நின்ற இடம் வாங்கியவர் மனை. கூகுள் 2008-இலேயே வாங்கிப் பொருத்தியிருந்தது. உள்ளே செல்லும் வளிக்கு ஓர் அளவி. வெளியே வரும் மின்னுக்கு ஓர் அளவி. கட்டணம் செலுத்துபவன் தன் கண்ணாலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். மையின் கூட்டு அவனுக்கு எதற்கு?

அதற்காக அந்நிறுவனம் சொன்னதையெல்லாம் நம்பியிருக்க வேண்டுமா? அதுவும் தவறே. தூய ஆற்றல் என்று முழங்கினர். ஆனால் இயற்கை வளியை உண்டால் கரியிருவளி வராமற் போகாது. மலிவு என்றனர், ஆயினும் அரசின் மானியமும் வரிச்சலுகையும் தாங்கிப் பிடித்தன. டெலவேர் மாநிலத்தில் அதன் பெட்டிகளுக்காக மக்களின் மின்கட்டணத்தின்மேல் தனிக்கட்டணம் ஏறிற்று. 2018 சூலையில் பங்குச்சந்தையில் நுழைந்தபிறகு, கணக்கை ஊரறியக் காட்டும் கட்டாயம் வந்தது. 2020-இல் முன்னைய ஆண்டுகளின் வரவுக் கணக்கைத் திருத்தி வெளியிட நேர்ந்தது. கருவி மெய், அதன் விலையும் தூய்மையும் பற்றிய பேச்சில் மிகை இருந்தது. அம்மிகையையும் நமக்குக் காட்டிக்கொடுத்தவை அளவியும் கணக்கேடுமே.

ஆகவே தமிழீர், அளவுகோல் இது: சமைக்கும் முறையை ஒருவன் மறைக்கலாம், நிறுத்துக் காட்ட மறுத்தல் ஆகாது. பானை மூடியிருக்கட்டும், நிறைகோல் திறந்திருக்க வேண்டும். நம் சந்தையில் புளி விற்கும் அம்மையார் தம் புளி எந்த மரத்தது என்று சொல்லாதிருக்கலாம். தராசுத் தட்டைத் துணியால் மூடினால் யாரேனும் வாங்குவோமா?

இதன்வழி நான்கு வினாக்களை அம்மாணவர்க்கு எழுதிக் கொடுத்தேன்.

முதல் வினா: உள்ளே செல்வது எவ்வளவு? வெளியே வருவது எவ்வளவு? இரண்டையும் எண்ணாற் சொல்ல வேண்டும். வெளிவரும் ஆற்றல் உட்செல்லும் ஆற்றலை மிஞ்சினால், அறிவிப்பைக் கிழித்தெறியலாம்.

இரண்டாம் வினா: கலமும் கோலும் யாருடையவை? ஆய்வு செய்பவர் தம் கலத்தையும், தம் நீரையும், தம் அளவியையும் கொண்டுவர இசைவு உண்டா? இடையன்குளத்துக் கோல் நமக்குக் கற்பித்த பாடம் இது.

மூன்றாம் வினா: எத்துணைக் காலம் இயங்கும்? அரைமணி நேரம் விளக்கெரிவது வேடிக்கை. கண்டவர் இல்லாத அறையில், பூட்டி முத்திரையிட்டபின், முப்பது நாள் எரிந்தாற்றான் அது மின்னாக்கி. எந்தக் கமுக்கப் பொறிக்குள்ளும் சிறிது காலத்திற்கு மின்கலத்தையோ அழுத்திய காற்றையோ ஒளித்துவைக்க முடியும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சான் கீலி என்பவன் 1870-களிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம், நீரிலிருந்து புதுவகை ஆற்றல் எடுப்பதாய்க் கூறிப் பங்கு விற்றான். 1898-இல் அவன் இறந்தபின் அவன் ஆய்வுக்கூடத்தை ஆராய்ந்தோர், நிலவறையில் அழுத்திய காற்றைத் தேக்கத்தக்க பேரிரும்பு உருண்டை ஒன்றையும், சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைத்த குழாய்களையும் கண்டனர். இருபத்தைந்து ஆண்டுகளும் பங்காளர்கள் மேல்மாடியிலேயே நின்று வியந்திருந்தனர்.

நான்காம் வினா: பணம் எங்கிருந்து வருகிறது? கருவியை வாங்குபவரிடமிருந்தா, பங்கை வாங்குபவரிடமிருந்தா? பொருளை விற்க இயலாதவன் நம்பிக்கையை விற்கிறான். மேலும் ஒன்று: தனியார் வரம்புறு நிறுவனம் பொதுமக்களை அழைத்துப் பங்கு விற்க 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் இடந்தரவில்லை. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத்தொகைத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துள்ளது. தெருத்தெருவாய்த் துண்டறிக்கை கொடுத்துப் பங்குக்கு ஆள் சேர்க்கும் நிறுவனம் பதிவு பெற்றதா, எவ்வகையில் பெற்றது, அதன் ஆண்டுக் கணக்கு எங்கே என்பவற்றைப் பணம் கொடுக்குமுன் கேட்டறிய வேண்டும்.

“வெளியிட்டால் வெள்ளையன் திருடிவிடுவானே” என்று மாணவர் தயங்கினார். இவ்வச்சம் வீணானதன்று, நம் செல்வங்கள் பல களவுபோயுள்ளன. ஆனால் களவைத் தடுத்தது எது என்று பாருங்கள். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் இருவர் காப்புரிமை பெற்றனர். ஈரோட்டிலும் தருமபுரியிலும் பாட்டிமார் அறிந்திருந்ததை அவர்கள் புதிதென்றனர். இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்வழக்கிட்டு, பழைய நூலையும் 1953-இல் மருத்துவ இதழில் அச்சான கட்டுரையையும் முன்வைத்தது; 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நம்மைக் காத்தது எழுதி வெளியிட்ட சான்று. ஒருவர் நெஞ்சுக்குள் மட்டும் பூட்டியிருந்த மஞ்சள் மறை எதுவும் அங்கே உதவியிராது. உண்மையாகவே ஒன்றைக் கண்டுபிடித்தவனுக்குக் காப்புரிமைச் சட்டம் 20 ஆண்டுக் காவல் தருகிறது; அதற்கு விலை, முறையைத் தெளிவுற எழுதிக் கொடுத்தல். எழுதிக்கொடுக்கவும் மாட்டேன், நிறுத்துக் காட்டவும் மாட்டேன், பணம் மட்டும் கொடு என்பவன் யாரிடமிருந்து எதைக் காக்கிறான்?

மறைபொருளின்மேல் நமக்குத் தனி மயக்கம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்வோம். சித்தர்கள் குழூஉக்குறியில் எழுதினர். இரும்பைப் பொன்னாக்கும் வித்தை தெரியும் என்று சொல்லிப் பல தலைமுறைகளாக ஊரூராய் ஏமாற்றித் திரிந்தவர் உண்டு. விளங்காதது ஆழமானது என்று கருதும் பழக்கம் அங்கிருந்து வந்தது. ஆனால் நம் மரபு அது ஒன்றே அன்று. ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவனை ஐயுறுதலும் ஆகிய இரண்டும் தீராத் துன்பம் தரும் என்பது அவர் கருத்து. எல்லாரையும் ஐயுறுக என்று அவர் சொல்லவில்லை. ஆய்வை முதலில் வை என்றார்.

நம் இயக்கத்தின் வரலாறே இதற்குச் சான்று. மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் நெறியை முன்வைத்தபோது எள்ளியோர் பலர். அவர்கள் முன் நாம் வென்றது எவ்வாறு? சேலத்தில் ஆசிரியப் பணியாற்றிய மொழிஞாயிறு பாவாணர், ஒரு சொல் தமிழே என்று நிறுவ அதன் வேரைக் காட்டினார், கிளையைக் காட்டினார், இனச்சொற்களை வரிசைப்படுத்தினார், மறுப்போர் மறுக்கட்டும் என்று எல்லாவற்றையும் அச்சில் வைத்தார். ‘எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், நம்பு’ என்று ஒருநாளும் உரைத்தாரில்லை. அவர் முடிபு ஒன்றிரண்டை ஏற்காதவனும் அவர் வழியைக் கண்டு மறுக்க இயலும். அத்திறந்த வழிதான் அவர் பெருமை. வடமொழியாளரிடம் சான்று கேட்ட நாம், தமிழ்ப்பெயர் தாங்கி வருபவனிடம் மட்டும் சான்று கேட்கக் கூசுவோமாயின், பாவாணர் வழியினர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

மாற்று ஆற்றலில் தமிழ்நாடு உண்மையாகவே பெற்ற பெருமை ஒன்றுண்டு. 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் சில காற்றாலைகளுடன் தொடங்கிய முயற்சி, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் ஆயிரக்கணக்கான சுழலிகளாய்ப் பெருகியது. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் கதிரவ மின்நிலையம் எழுந்தது. அவற்றில் மறை ஏதும் இல்லை. காற்று வீசாத நாளில் சுழலி நிற்கிறது. இரவில் கதிரவத் தகடு உறங்குகிறது. அளவி அதனையும் மறைக்காமல் பதிகிறது. தன் குறையையும் காட்டும் கருவியே நம்பத்தக்க கருவி. ஒருநாளும் ஓயாது, ஒன்றும் உண்ணாது, ஒருவரும் அருகே வரக்கூடாது என்னும் பொறி கதைக்கு உரியது.

இன்னும் ஒன்று. இத்தகைய ஏமாற்றால் இழப்பது பணம் மட்டுமன்று. நாளை நம் சிற்றூரில் மெய்யாகவே ஓர் இளைஞன் அரியதொன்றைக் கண்டுபிடித்து வருவான். அவனிடம் உலகம் ‘இன்னொரு மூலிகைக் கன்னெய்யா?’ என்று நகைக்கும். பொய்யனைத் தமிழன் என்பதற்காகத் தாங்கிப் பிடித்தோர், மெய்யனுக்கு வரவேண்டிய செவியை அடைத்துவிடுகின்றனர். ஆராய்ந்து பார்க்கக் கோருதல் தமிழனை ஒடுக்குவதாகாது. வரப்போகும் தமிழறிஞனுக்கு அது வாயில் திறந்துவைத்தல்.

மாணவர் அந்நான்கு வினாக்களையும் அந்நிறுவனத்திற்கு அஞ்சலில் விடுத்தார். பதினைந்து நாளில் மறுமொழி வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஐயுறுவோர்க்குத் தம் குடும்பத்தில் இடமில்லை என்றும், இனப்பற்று உள்ளோர் வினாத் தொடுப்பதில்லை என்றும் எழுதியிருந்தனர். எண் ஒன்றும் இல்லை. ஆய்வுக்கு இசைவும் இல்லை. தமிழ் மட்டும் முன்போலவே தூய்மையாக இருந்தது.

அவர் பணத்தைக் கொடுக்கவில்லை. அம்மடலை மட்டும் என்னிடமே விட்டுச் சென்றார். இனப்பற்று உள்ளோர் வினாத் தொடுப்பதில்லை என்ற அவ்வரியை நான் ஏற்கமாட்டேன்; நீங்களும் ஏற்கலாகாது. தமிழின்மேல் பற்றுள்ளவனே முதலில் வினவ வேண்டும்; ஏனெனில் அவன் தாயின் பெயரைத்தான் அவர்கள் குவளையில் ஒட்டுகிறார்கள். தமிழீர், துண்டறிக்கையின் மொழியைப் பார்த்து மகிழ்க. பின்னர் நிறைகோலைக் கேட்க!